கழியைக் கடக்க ஒரு நடைபாலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மட்டும் என்று கடலோரத்தில் பாலம் கட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் முப்பத்தொரு வருடம் பால வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவ ஊரில். பதில்களில் பொறியாளரும் பேசுவார், அந்த ஊர்ப் பையனும் பேசுவான்.

எங்கள் குப்பத்துக்கும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் நடுவில் உப்பங்கழி. நேரே பார்த்தால் 300 மீட்டர்தான். ரோடு வழியாகச் சுற்றினால் 11 கிலோமீட்டர். நடைபாலம் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டால் கார் போகிற பாலமாகக் கேட்போம், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
— மகளிர் குழுத் தலைவி, நாகப்பட்டினம் மாவட்டம்

நடைபாலத்தைக் கேளுங்கள் அம்மா. கார் பாலம் என்றால் அதன் இரண்டு பக்கமும் கார் வந்து சேர ரோடு வேண்டும். ரோட்டுக்கு நிலம் எடுக்க வேண்டும், குப்பத்து வீடுகள் நடுவே அகலப்படுத்த வேண்டும். அந்த வழக்கும் வாய்தாவும் முடிவதற்குள் ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும்.

மனு எழுதும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி நடக்கிற ஒரு சாதாரண நாளில், காலை ஐந்து மணியிலிருந்து இரவு எட்டு வரை, தோணித்துறையில் இரண்டு பேர் நோட்டோடு உட்காரட்டும். எத்தனை பேர் நடந்து வந்தார்கள், எத்தனை சைக்கிள், தலைச்சுமை எத்தனை, எத்தனை பிள்ளைகள், எத்தனை வயதானவர்கள் என்று தனித்தனியாகக் கோடு போட்டுக் கணக்கெடுங்கள். அப்புறம் வீடு வீடாகப் போய், தோணிக்குப் பயந்து அந்தக் கரைக்குப் போகாமல் இருப்பவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கணக்கை எந்த அலுவலகமும் எடுப்பதில்லை. ஆனால் பாலம் யாருக்கு வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

என் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. படிப்பு வராமல் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆற்றில் வெள்ளம் வந்தால் தோணி ஓடாது. அப்படி இரண்டு மாதம் விட்டுப்போன பெண்ணைத் திரும்ப அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மா தலையில் மீன் கூடையோடு தினமும் சந்தைக்குப் போகிறார். பாலம் வந்தாலும் ரயில் நிலையத்தில் இருப்பது போலப் படிதான் வைப்பார்கள் என்று பயப்படுகிறார். படி இல்லாமல் கட்ட முடியாதா?
— கல்லூரி மாணவி, கடலூர்

முடியும். முடியாது என்று சொல்கிறவரிடம் மறுபடியும் கேளுங்கள். வேண்டியது சாய்தளம். பாலத்தின் தளம் கரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறினால் 60 மீட்டர் சாய்தளம் போதும். சக்கர நாற்காலிக்கு அதுவே கடைசி எல்லை. அந்தச் சரிவில் தொடர்ந்து 60 மீட்டர் சைக்கிளை மிதிப்பதும் சுமையோடு ஏறுவதும் கடினம். இருபதுக்கு ஒன்று என்றால் 100 மீட்டர். இடம் இருந்தால் முப்பதுக்கு ஒன்று, 150 மீட்டர். நடுநடுவே பத்தடி நீளத்துக்குச் சமதளம் விட்டால் அம்மா கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சமதளத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு திட்டு கட்டினால் இன்னும் நல்லது. கூடையைத் தரையில் வைத்தால் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். திட்டில் வைத்தால் அவரே தலைக்கு மாற்றிக்கொள்வார்.

இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நான் வரைந்த முதல் நடைபாலத்துக்கு இரண்டு பக்கமும் படி மட்டும்தான். திறந்த வாரம் பார்க்கப் போயிருந்தேன். மத்தி மீன் கூடையோடு ஒரு அம்மா மேலே வந்து நின்றார். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தாறு படி சார். மேல இருக்கிறவங்களுக்குக் கணக்கு தெரியாது, என் முட்டிக்குத்தான் தெரியும்" என்றார். மறுவாரம் அவர் பழையபடி தண்ணீரில் இறங்கித்தான் போனார். அந்தப் பாலம் இப்போதும் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் துறைமுகத்தை ஒட்டி ஒரு வணிக வளாகம். அந்த இடத்தில் சைக்கிள்காரர்கள் படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. 2014-ல் அங்கே சைக்கிளுக்கு மட்டுமாக, ஆரஞ்சு நிறத் தளத்தோடு, பாம்பு போல வளைந்து இறங்கும் பாலம் ஒன்றைத் திறந்தார்கள். அது நேர்க்கோட்டில் போகாமல் வளைவதே சரிவை நிதானமாக்க உதவுகிறது. நம் குப்பங்களிலும் நேராக 100 மீட்டர் கிடைக்காது. மடித்துக் கொண்டுவரலாம். ஆனால் மடக்கும் இடத்தில் சைக்கிள் திரும்ப இடம் வேண்டும். முட்டுச்சந்து போல வெடுக்கென்று திருப்பினால் கேரியரில் குடத்தோடு வருகிறவர் கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொள்வார்.

அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?
— ஊராட்சி உறுப்பினர், மயிலாடுதுறை மாவட்டம்

ஓடுகிற சைக்கிளுக்கு ஒரு மீட்டர், கூடையோடு நடப்பவருக்கு ஒரு மீட்டர், எதிரே வருகிறவர்களுக்கும் அதே அளவு. ஆக 4 மீட்டர். 2 மீட்டரில் வரைந்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பிறகு அகலப்படுத்துவது என்பது ஏறக்குறைய புதிதாகக் கட்டுவதுதான்.

எங்கள் ஊரில் கட்டிய நடைபாலம் பத்து வருடத்துக்குள் கம்பி தெரிய நிற்கிறது. கடலோரம் என்றால் இப்படித்தானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

இப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள் ஐயா. உப்பு என்ன செய்யும் என்பது புதிய விஷயம் அல்ல. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றில் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் சுரண்டி, வர்ணம் பூசி, இற்ற பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்ததால் ஓடியது.

கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதைப் போர்த்திக் காக்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் தொட்ட அன்றைக்கு அந்தப் போர்வை கிழிகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து நெம்புவதில்தான் கான்கிரீட் வெடித்துச் சில்லு சில்லாக விழுகிறது. ஆகவே வெளியிலிருந்து கம்பி வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்பதில்தான் பாலத்தின் ஆயுள் இருக்கிறது. அதைக் 'கவர்' என்போம். கடல்நீர்த் தெறிப்பு படுகிற இடங்களுக்கு 50 மில்லிமீட்டர், அலையும் ஓதமும் ஏறி இறங்குகிற இடங்களில் நிற்கும் தூண்களுக்கு 75 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கான்கிரீட்டின் தரமும் முறையே எம் 35, எம் 40-க்குக் குறையக் கூடாது (எண் கூடினால் வலிமை கூடும்).

ஏட்டில் இப்படி. தளத்தில் என்ன நடக்கிறது? ஒரு மழைக்கால மாலையில், கம்பி கட்டி முடித்து மறுநாள் கான்கிரீட் போட இருந்த இடத்தில் நான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அதே கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக்குகள் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஜல்லித் துண்டுகள். கையில் கிடைத்ததைச் செருகியிருந்தார்கள். ஒன்று கட்டைவிரல் தடிமன், அடுத்தது சுண்டுவிரல் தடிமன். சில இடங்களில் துண்டு நழுவி, கம்பி பலகை மேலேயே படுத்திருந்தது. வேலையை நிறுத்தி, கம்பிக் கூட்டைத் தூக்கிவைத்து, பிளாக் வைக்க இரண்டு நாள் ஆனது. மேஸ்திரிக்கு என் மேல் கோபம்தான். ஆனால் அந்த இரண்டு நாளை அன்றைக்குக் கொடுக்காமல் விட்டால், பதினைந்து வருடம் கழித்து ஊர் கொடுக்க வேண்டும்.

கழித் தண்ணீரில் கான்கிரீட் கலக்கவோ நனைக்கவோ விடாதீர்கள். நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். இரும்பு ஆலையின் உலைக்கசடு கலந்த சிமெண்ட் உப்பை மெதுவாகத்தான் உள்ளே விடும், அதைக் கேளுங்கள். கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 என்ற வகையைக் காட்டுவார்கள். புதிதில் கண்ணாடி போல மின்னும். கடலோரத்தில் சீக்கிரமே டீக்கறை போலப் புள்ளி விழும். 316 வகையில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊர்ப் பாலத்துக்கு இப்போதே செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஒரு சின்னச் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நல்ல கான்கிரீட் 'ணங்' என்று சொல்லும். உள்ளே பிரிந்துபோன இடம் 'டொக்' என்று சொல்லும். 'டொக்' என்ற இடங்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுப் படம் எடுத்து, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

லண்டனில் நடைபாலம் ஒன்று மனிதர்கள் நடந்ததாலேயே ஆடியது என்று வகுப்பில் படித்தோம். பாரம் தாங்கும் பாலம் ஏன் ஆட வேண்டும்?
— பொறியியல் மாணவர், திருநெல்வேலி

தம்பி, உடைவது வேறு, ஆடுவது வேறு. 2000 ஜூன் 10 அன்று திறந்த மில்லேனியம் பாலத்தை இரண்டே நாளில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2002 பிப்ரவரியில். நாம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் இடமும் வலமும் தள்ளுகிறோம். இடத்தள்ளல் வினாடிக்கு ஒன்று, வலத்தள்ளல் வினாடிக்கு ஒன்று. பாலமும் பக்கவாட்டில் கிட்டத்தட்ட அதே தாளத்தில் அசையக் கூடியதாக இருந்தது. அது லேசாக அசைந்ததும், மேலே நடந்தவர்கள் விழாமல் இருக்கக் காலை அகட்டி, அசைவுக்கு ஏற்ப நடந்தார்கள். தோணியில் நிற்கும்போது நாம் செய்வதும் அதுதான். ஒவ்வொருவரும் அப்படிச் செய்ததில் எல்லார் தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்தது, ஆட்டம் வளர்ந்தது. அடியில் அதிர்வு உறிஞ்சிகள் பொருத்திய பிறகுதான் நின்றது. ஆகவே நீண்ட, மெலிந்த நடைபாலத்துக்குப் பாரக் கணக்கோடு அதிர்வுக் கணக்கையும் முதலிலேயே போட வேண்டும்.

பாரத்தையும் குறைத்து எடைபோடாதே. நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்பது சாலைகளுக்கும் பாலங்களுக்கும் விதி வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி. கூட்டம் கூடுகிற ஊர்களுக்கும் யாத்திரைத் தலங்களுக்கும் 500. 4 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளம் என்றால் 600 டன். வெறும் சைக்கிள்தானே என்கிறவர்களுக்கு இதைச் சொல். மாசிமகத்தன்று சாமி கடலுக்கு வரும்போது பாலத்தில் இடம் இருக்காது.

குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் முக்கிய வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள். வேலைக்குப் போன பிறகும் கூடவே வைத்துக்கொள்.

கன்னியாகுமரியில் கட்டியது போல எங்கள் ஊரிலும் கண்ணாடிப் பாலம் கேட்டால் சுற்றுலா வளருமே?
— கடைக்காரர், இராமநாதபுரம் மாவட்டம்

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிற அந்தப் பாலத்தின் நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். 37 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அங்கே அது பொருந்துகிறது. கடல் மட்டம் தாழ்ந்த நாட்களில் சிலைக்குப் படகு போக முடியாமல் திரும்பியவர்கள் இப்போது நடந்து போய்ப் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது தினப்படிப் பாலம். மழையில் நனைந்த கண்ணாடியில், மணல் ஒட்டிய செருப்போடு, சைக்கிளை ஒரு பிள்ளை திருப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கிய கான்கிரீட் போதும். கண்ணாடிக்கு ஆகும் பணத்தில் சாய்தளத்துக்குக் கூரை போட்டுவிடலாம். சித்திரை வெயிலில் நிழல் இருக்கிற பாலத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள்.

பாலம் வந்தால் எங்கள் படகுகள் கடலுக்குப் போக முடியாமல் போகுமோ என்ற பயம் இருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் கேட்க வேண்டும்?
— மீனவர், கடலூர் மாவட்டம்

முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிக் கேளுங்கள். நம் கிழக்குக் கரையில் வருடம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடல் நீரோட்டம் மணலை வடக்கே நகர்த்துகிறது. சென்னையில் துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. முகத்துவாரமும் அந்த மணலால் மூடும், திறக்கும், இடம் மாறும். நிலையாக நிற்காத ஒன்றின் மேல் நிலையான தூணை நட்டால் அதன் காலடியை ஆறு தோண்டிவிடும். அடையாறு முகத்துவாரத்தில் மீனவர்கள் நடந்து கடக்க 1967-ல் கட்டிய பாலம் 1977-ல் வெள்ள ஓட்டத்தில் உடைந்தது. மிச்சம் இன்றும் நிற்கிறது, 'உடைந்த பாலம்' என்பதே அதன் பெயர். கொஞ்சம் உள்ளே, கரை இருபது முப்பது வருடமாக நகராத இடத்தைப் பாருங்கள். பழைய வரைபடமும் செயற்கைக்கோள் படமும் உதவும். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவு அதைவிட உதவும்.

உயரத்தை அளக்க வருகிறவர்கள் பகல் பதினோரு மணிக்கு, தண்ணீர் வற்றியிருக்கும்போது வந்துவிட்டுப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதத்திலும் அடைமழை வெள்ளத்திலும் தண்ணீர் எங்கே நின்றது என்று நீங்கள் கோடு காட்ட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து, பைபர் படகில் ஆள் நின்றபடி, வலைக் குவியலோடு, நங்கூரக் கம்போடு போகிற உயரம் வேண்டும். நடு ஓடையில் தூணே வராமல் ஒரு அகலமான கண் விடச் சொல்லுங்கள். விசைப்படகு வருகிற ஆறு என்றால் அதன் கம்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போது சாய்தளம் இன்னும் நீளும்.

கழியில் கோடைக்காலத்து உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் குறையாத தூரம் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் செல்லும். அலையாத்திக் காடு இருந்தால் இன்னும் கவனம். தூண் மேல் நிற்கிற பாலத்துக்கு அனுமதி வாங்க வழி உண்டு. மண்ணைக் கொட்டி மேடாக்கி, நடுவில் குழாய் பதிப்பது மலிவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓதம் உள்ளே வராத கழியில் இறாலும் இராது, நண்டும் இராது.

பாலத்தில் இரவு முழுக்க விளக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்கிறோம். ஆமைக்கு ஆகாது என்கிறார்கள்.
— செவிலியர், செங்கல்பட்டு மாவட்டம்

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரவுப் பணி முடிந்து தனியாக வருகிற உங்களுக்கு வெளிச்சம் வேண்டும். பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை நம் கரையில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடல் என்று நம்பி எதிர்ப்பக்கம் போய்விடும். உயரக் கம்பத்து வெள்ளை விளக்கைத் தவிர்த்து, கைப்பிடிக்குள்ளேயே முழங்கால் உயரத்தில், மஞ்சளான விளக்கைத் தளத்தைப் பார்த்துப் பதித்தால் போதும். எதிரே வருகிறவர் யார் என்று தெரியும், கடற்கரைக்கு வெளிச்சம் போகாது. பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு கடை, ஒரு பேருந்து நிறுத்தம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஆள் நடமாட்டம் விளக்கைவிடப் பெரிய துணை.

பைக்காரர்களை எப்படித் தடுப்பது?
— பள்ளித் தலைமையாசிரியை, விழுப்புரம் மாவட்டம்

இரும்புக் கதவும் வளைந்த தடுப்பும் வைத்தால் பைக் எப்படியாவது நுழைந்துவிடும். நின்றுபோவது சக்கர நாற்காலியும் மூன்று சக்கர வண்டியும்தான். ஒன்றரை மீட்டருக்கு ஒரு கம்பம் நடுங்கள். நடுக்கம்பம் மட்டும் பூட்டுத் திறந்து எடுக்கிற மாதிரி இருக்கட்டும். சாவி இரண்டு கரையிலும் ஒவ்வொரு வீட்டில் இருக்க வேண்டும். நடு இரவில் பிரசவ வலி என்றால் ஆம்புலன்ஸ் உள்ளே வரலாம், தளத்தை அந்த எடைக்கும் சேர்த்து முதலிலேயே கணக்கிடச் சொல்லுங்கள். மற்றபடி பைக்கை நிறுத்த ஊர்க் கட்டுப்பாடுதான் வேண்டும்.

என் அப்பா முப்பது வருடமாக இந்தத் துறையில் தோணி ஓட்டுகிறார். பாலம் வேண்டும் என்றுதான் நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
— வாசகர், பரங்கிப்பேட்டை

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். என்னையும் அக்காவையும் பள்ளிக்கு ஏற்றிப்போன தோணிக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளை வாங்கிக் குறுக்கே படுக்கவைத்துவிட்டு, ஹேண்டில்பாரைத் தன் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்வார், சேற்றில் விழக் கூடாது என்று.

மண் பரிசோதனைக்குத் துளை போட வருகிறவர்களிடம் உங்கள் அப்பாவைக் கூட்டிப் போங்கள். எங்கே சேறு ஆழம், எங்கே தோணிக்கோலை ஊன்றினால் 'டக்' என்று கெட்டி மண் தட்டும், எந்த வெள்ளத்தில் ஓடை எந்தப் பக்கம் திரும்பியது என்பது முப்பது வருடமாக அவர் கையிலேயே இருக்கிறது. பத்துத் துளை போட்டாலும் பத்து இடம்தான் தெரியும். அவருக்கு முழுக் கழியும் தெரியும்.

அப்புறம், பாலத்துக்கு ஒரு காவலாளி வேலையைத் திட்டச் செலவிலேயே சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானத்தில் எழுதுங்கள். மழைநீர்த் துளைகளில் அடைக்கிற மணலைக் குத்தி எடுக்க வேண்டும், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கைப்பிடியையும் இணைப்புகளையும் கழுவி உப்பை இறக்க வேண்டும், தளர்ந்த போல்ட்டுக்குச் சிவப்பு மை வைக்க வேண்டும், தூண் காலடியில் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தோணியில் போய்க் கோல் விட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வேலைக்குத் தோணி ஓட்டத் தெரிந்தவர்தான் வேண்டும். தீர்மானத்தில் அந்த வரியை விடாமல் எழுதுங்கள். வயது வரம்பு போடாமலும் எழுதுங்கள்.